காந்தமும் கம்பியும் நானும்

சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, வங்கத்தில் தமிழர் வாழ்வு பற்றி எழுதலாமா என்று முதலில் எண்ணினேன். ஆனால் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் விடுதியில் ஏன் தனியே கிடந்தாய் என்று நண்பர்கள் இன்னும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் சொல்லிச் சலித்துவிட்டது. ஆகவே உண்மையையே எழுதிவிடுகிறேன்.

நான் மின் கித்தார் வாசிப்பவன். நாங்கள் நால்வர் சேர்ந்து வாசிப்பது 'ஹெவி மெட்டல்' என்னும் வல்லிசை. அடுத்த அறைத் தமிழன்பர் ஒருநாள் கதவைத் தட்டி, "உள்ளே கரும்பாலை ஏதும் ஓடுகிறதா?" என்று கேட்டார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

என் குறையெல்லாம் கித்தாரின் பிக்கப்பைப் பற்றியதுதான். பிக்கப் என்பது ஒலிவாங்கி அன்று. காற்றில் வரும் ஒலியை அது கேட்பதில்லை. உள்ளே காந்தம், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசைகிறது. கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த உண்மைதான் இது. ஒற்றைச் சுருள் பிக்கப்பில் ஒரு தொல்லை உண்டு. தந்தியின் அதிர்வோடு, சுவருக்குள் நொடிக்கு 50 முறை ஊசலாடும் மின்சாரத்தின் 'ம்ம்ம்' என்ற முனகலையும் சேர்த்துப் பிடித்துவிடும். கிப்ஸன் நிறுவனத்தில் பணியாற்றிய ஸெத் லவர் இதற்கு மருந்து கண்டார். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, காந்த முனைகளையும் மாற்றி வைத்தார். வெளி முனகல் ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. தந்தியின் ஒலி மட்டும் இரட்டித்தது. 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959இல் அது கிடைத்தது. 'ஹம்பக்கர்' என்று இன்று வழங்குவது அதுவே.

என் கித்தாரில் இருந்தவை ஒற்றைச் சுருள்கள். முனகலும் போக வேண்டும், வலுவும் கூட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒற்றைச் சுருளின் குழியிலேயே பொருந்தக்கூடிய ஒல்லியான இரட்டைச் சுருள் ஒன்று, ஒருவர் கை மாறியது, ஆறாயிரம் ரூபாய்க்கு விலைக்கு வந்தது. பிக்கப்புகளை நான் எப்படி ஒப்பிட்டேன் தெரியுமா? மின்தடைக் கணக்கை வைத்து! பழைய ஹம்பக்கர்கள் ஏழு, எட்டு கிலோ ஓம்; இதுவோ பதினாறுக்கும் மேல். எண் இரட்டித்தால் பலமும் இரட்டிக்கும் என்பது என் கணிதம்.

அந்த ஆறாயிரம், கோயம்புத்தூர் போய்வர டிக்கெட்டுக்கும் தங்கைக்கு ஒரு சேலைக்கும் நான் டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்தது. அம்மாவிடம், "தேர்வு நெருங்குதுங்கம்மா, வர முடியல" என்று சொல்லிவிட்டேன்.

பொங்கலன்று விடுதி வெறிச்சோடிக் கிடந்தது. வங்காளிகளுக்கு அன்று பௌஷ சங்கராந்தி. எங்கள் டிரம் நண்பன் வீட்டிலிருந்து, தேங்காயும் வெல்லமும் வைத்துச் சுருட்டிய பாட்டிசாப்டா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அதைத் தின்றுகொண்டே பற்றவைப்பை முடித்துக் கித்தாரை மீட்டினேன். முனகல் போய்விட்டது, ஒலியும் பெரிதாகிவிட்டது. ஆனால் தெளிவு எங்கே? மூன்று தந்திகளைச் சேர்த்து மீட்டினால் மூன்றும் களியாகக் குழைந்தன. கம்பளிக்குள் வாயை வைத்துக் கத்துவது போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அப்பா அழைத்தார். நாற்பது ஆண்டுகளாக மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர் அவர்.

"ஏஞ்சாமி, கொரலு ஒரு மாதிரியா இருக்குது?"

அதற்குமேல் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு பணத்தைப் பற்றிக் கேட்பார் என்று பார்த்தால், "கம்பி என்ன கனம்?" என்றார்.

"மயிராட்டம் இருக்குதுங்கப்பா."

"அப்பறம் ஓம் ஏறாம என்ன பண்ணும்? சின்ன எடத்துல நெறயச் சுத்தோணும்னா கம்பிய மெலிசாக்கோணும். மெலிசானா ஓம் தன்னால ஏறும். மீட்டர்ல காட்டறது கம்பியோட கணக்கு சாமி, வேலையோட கணக்கு இல்ல. காயில மாத்துனயே, அதோட சேந்த சாமானையும் அதுக்குத் தகுந்தாப்புல மாத்துனயா?"

அப்போதுதான் உறைத்தது. ஒற்றைச் சுருளுக்கென்று வைத்திருந்த 250 கிலோ ஓம் வால்யூம் திருகு அப்படியே இருந்தது. ஹம்பக்கருக்கு வழக்கமாக வைப்பது 500. சுற்றுகள் ஏறினால் கூரிய ஒலிகள் ஏற்கெனவே மங்கும்; என் பழைய திருகு மிச்சத்தையும் வடித்துவிட்டிருந்தது. மறுநாள் சாந்தினிச் சந்தையில் புதுத் திருகு வாங்கினேன். நூறு ரூபாய்க்குள் முடிந்தது. பிக்கப்பைத் தந்திகளிலிருந்து சிறிது கீழே இறக்கினேன். ஆம்ப்ளிஃபயரின் கெயினையும் பாதியாக்கினேன். தந்திகள் மூன்றும் மூன்றாகப் பேசின.

பிறகுதான் வரலாற்றையும் ஒழுங்காகப் பார்த்தேன். பிளாக் ஸாபத் குழுவின் முதல் இசைத்தட்டு வந்தது 1970இல். தொழிற்சாலை விபத்தில் இரு விரல் நுனிகளை இழந்த டோனி அயோமி அதில் வாசித்தார்; அவர் கித்தாரில் இருந்தது ஒற்றைச் சுருள். வலுவான செராமிக் காந்தம் வைத்த டிமார்ஸியோவின் 'சூப்பர் டிஸ்டார்ஷன்' கடைக்கு வந்ததோ 1972இல். அக்காலத்து ஆம்ப்ளிஃபயரை உறும வைக்க அத்தகைய பலம் உதவிற்று. இன்று ஆம்ப்ளிஃபயரும் பெடலும் தாமே உறுமுகின்றன. எனவே பிக்கப் வாங்கப் போகும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: உங்கள் கித்தாரின் குரல் மெலிந்து கீச்சென்று இருந்தால் பலமான பிக்கப் அதற்குச் சதை கொடுக்கும், முன்பே கனத்த குரலாயின் நடுத்தரமானதே போதும். எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். காதால் கேட்டு வாங்குங்கள்.

அன்று பேச்சை முடிக்கும்போது அப்பா, "உங்கம்மா உனக்குன்னு ரெண்டு கரும்ப ஒதுக்கி வெச்சிருக்கறா. காஞ்சு போயிரும், என்ன பண்றது?" என்றார். வைதிருந்தால் தாங்கியிருப்பேன்.

கழற்றிய ஒற்றைச் சுருளைக் கோடை விடுமுறைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அவிழ்த்து எண்ணிப் பார்த்து, தம் கையால் மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டுமாம். சேலைக்கு இன்னும் பணம் சேரவில்லை, டிக்கெட் எடுத்துவிட்டேன்.