தக்கை முங்கும் வரை

மீன்பிடிக்கிற கதை எழுதுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் தூண்டில் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். புலி துரத்துகிற கதையில் புலியாவது ஓடும். தூண்டில் கதையில் ஒரு பையன் கரையில் குந்தியிருக்கிறான், தண்ணீர் கலங்கலாகக் கிடக்கிறது, ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காத நேரம்தான் கதையில் முக்கால் பங்கு. எட்டு வயதுப் பிள்ளையை அந்த நேரம் முழுக்க உட்கார வைக்கத் தெரியாதவர்கள் வேறு வழியில்லாமல் முதலையைக் கொண்டுவந்து விடுகிறார்கள். (கொள்ளிடத்தில் நிஜமாகவே முதலை உண்டு. அதைப் பற்றி எழுதுவது வேறு விஷயம். கன்னி வாய்க்காலில் முதலை வருவதைத்தான் சொல்கிறேன்.)

என் கதைகள் பெரும்பாலும் காவிரிப் பாசன வாய்க்கால்களில் நடப்பவை. அங்கே காத்திருக்கும் நேரத்தை எழுத எனக்குக் கைகொடுப்பது தக்கை. நெட்டித் துண்டோ, மயிலிறகின் தண்டோ, அறுந்த ரப்பர் செருப்பில் வெட்டியெடுத்த சில்லோ, எதுவானாலும் சரி. தண்ணீருக்குள் நடப்பது எதையும் பையனால் பார்க்க முடியாது. தக்கை ஒன்றுதான் அவனுக்குச் சேதி சொல்லும். கெண்டைக் குஞ்சுகள் மொய்த்தால் தக்கை துடிக்கும், ஆனால் முங்காது. தூக்கிப் பார்த்தால் புழுவைக் காணோம். கெளுத்தி என்றால் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். விரால் என்றால் ஒரே முங்கு. நண்டு பிடித்தால் மெல்ல அமிழும். தூக்கும்போது கனக்கும், பாதி வழியில் விட்டுவிடும். இதெல்லாம் தெரிந்த ஒரு பிள்ளையையும் தெரியாத ஒரு பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் பேச்சு தானாக வரும்.

"இழுடா, இழுடா! ஆடுது பாரு!"

"சும்மா இரு. பொடிசு மொய்க்குது."

"அண்ணே, இப்ப நகருதுண்ணே."

"ம். பேசாத."

இந்த நாலு வரியில் முதலை தேவைப்படவில்லை.

எனக்குப் பிடிபட்ட வித்தை ஒன்றே ஒன்றுதான்: மீனின் குணத்திலிருந்து கதை பிறக்க வேண்டும். அதிர்ஷ்டத்தில் பெரிய மீன் மாட்டினால் பிள்ளைகள் 'சரி' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். மீன் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்பதைத் தெரிந்துகொண்டு ஒரு சிறுமி அதை மடக்கினால் அன்று சாயங்காலமே அவர்களும் வாய்க்காலுக்குப் போய்ப் பார்ப்பார்கள். ஜப்பானில் யாகுச்சி தகாவோ 1973-லிருந்து 1983 வரை ஒரு தூண்டில்காரச் சிறுவனை வைத்துப் பத்து வருடம் வாராவாரம் சித்திரக்கதை நடத்தினார். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு புத்தி, ஒவ்வொரு நீருக்கும் ஓர் உத்தி என்று பார்க்கிறவருக்குச் சரக்கு தீராது.

விராலை எடுத்துக்கொள்ளுங்கள். கரையோரப் பாசியிலும் புல்லிலும் கூடு கட்டும். முட்டை மிதக்கும். குஞ்சு பொரித்ததும் செம்மஞ்சள் நிறத்தில் ஆயிரக்கணக்கான பொடிசுகள் கூட்டமாக நகரும். மூச்சுக்கு மேலே வரும்போது தண்ணீரில் மழைத்தூறல் விழுந்த மாதிரிப் பொரியும். தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். அனுபவப்பட்டவர்கள் அந்தச் சிவப்புக் கூட்டத்தைத் தேடித்தான் போவார்கள். கூட்டத்துக்கு நடுவில் ஒரு தவளையைத் தூண்டிலில் மாட்டிப் போட்டால் பெரிய விரால் பாய்ந்து கவ்வும். பசி அதற்குக் காரணமில்லை. தன் குஞ்சுக்கிட்டே எதுவோ வந்துவிட்டது என்ற கோபம். பிடித்துவிட்டால் ஒரு கிலோவுக்கு மேல் மீன் கையில். குஞ்சுகளை மற்ற மீன்களும் கொக்கும் சீக்கிரம் முடித்துவிடும்.

சிறுவர் கதைக்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா? பையனுக்குக் கூட்டம் தெரிகிறது, கையில் தவளை இருக்கிறது, வீட்டில் குழம்புக்கு ஒன்றுமில்லை. பக்கத்தில் நிற்கிற தாத்தாவுக்கு எல்லாம் தெரியும், ஆனால் வாயைத் திறக்க மாட்டார். இந்தக் கதையை நான் இரண்டு விதமாக எழுதியிருக்கிறேன். ஒன்றில் பையன் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு போகிறான். மற்றதில் பிடிக்கிறான், மறுநாள் வந்து குஞ்சுக் கூட்டம் எங்கே என்று தேடுகிறான். இரண்டாவதைப் படித்த பத்திரிகையாசிரியர் ஒருவர், "நீதி எங்கே சார்?" என்று கேட்டார். கதை அச்சாகவில்லை. பள்ளிக்கூடங்களில் வாசித்துக் காட்டும்போது பிள்ளைகள் அதிக நேரம் சண்டை போடுவது அந்தக் கதைக்குத்தான்.

பிடித்த மீனைக் கடைசியில் தண்ணீரில் விட்டுவிடச் சொல்வதும் நம் சிறுவர் இலக்கியத்தின் ஒரு வழக்கம். அதில் எனக்குச் சம்மதமில்லை. அந்தக் கெளுத்தி அன்றைய இரவுக் குழம்பு. அதைச் சாப்பிட்டு வளர்கிற பிள்ளைதான் என் வாசகன். அவன் வீட்டு அடுப்பைப் பாவம் என்று சொல்ல நான் யார்? மார்க் ட்வைன் 1876-ல் எழுதிய டாம் சாயர் கதையில், மூன்று பையன்கள் ஆற்றுத் தீவுக்கு ஓடிப்போய் மீன் பிடித்துப் பொரித்துச் சாப்பிடும் இடம் உண்டு. இவ்வளவு ருசியான மீனைத் தின்றதே இல்லை என்று அவர்கள் வியக்கிறார்கள். வெட்டவெளித் தூக்கமும் குளியலும் பசியும் சேர்ந்த ருசி அது என்று ட்வைன் கூடவே சொல்லிவிடுகிறார். இரக்கப் பாடம் எதுவும் இல்லை. பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. சாகசக் கதைக்கு முதல் வேலை பெரியவர்களை அப்புறப்படுத்துவது.

டெல்டாவில் அதற்குப் பஞ்சாங்கமே உதவுகிறது. 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மரபு. மூடிய பிறகு வாய்க்கால் ஓட்டம் நின்று மடுமடுவாகத் தேங்கும். ஏப்ரல், மே வெயிலில் அந்த மடுக்களும் சுருங்கும். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். தண்ணீர் குறைவு, நேரம் அதிகம், பெரியவர்கள் மதிய உறக்கத்தில். குறுக்கே சேற்றால் அணை கட்டி, தகர டப்பாவால் இறைத்து, சேற்றைத் தடவிப் பிடிப்பார்கள். இங்கே தூண்டிலின் தனிமை கிடையாது, கூட்டு வேலை. அதனால் கடைசியில் பங்கு பிரிக்க வேண்டும். மீன்களைக் கூறு கட்டி வைத்துவிட்டு ஒருவனைத் திரும்பி நிற்கச் சொல்லி, "இது யாருக்கு?" என்று கேட்கிற இடத்தில் ஒரு நாவலுக்கான நாடகம் இருக்கிறது.

சேறு தடவுவதில் பெண் பிள்ளைகளை மிஞ்ச முடியாது. சிறுவர் சாகசம் என்றாலே பையன்கள் என்று எழுதிவந்தது எழுதினவர்களின் குறை. வாய்க்காலில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. கெளுத்தியின் முள் குத்தாமல் எப்படிப் பிடிப்பது, முதுகு முள்ளும் பக்க முள்ளும் எங்கே இருக்கும், பிடித்ததும் அது 'கர்ர்' என்று எப்படி முனகும் என்பதை என் கதைகளில் செய்து காட்டுவது பெரும்பாலும் ஒரு அக்காதான்.

காலப்பிழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுதந்திரப் போராட்டக் காலத்தில் நடக்கும் சிறுவர் நாவல் ஒன்றின் கையெழுத்துப்படி பார்வைக்கு வந்தது. அதில் பையன்கள் குளத்தில் ஜிலேபி மீன் பிடித்தார்கள். ஜிலேபி ஆப்பிரிக்க மீன். இந்தியாவுக்கு வந்தது 1952-ல். இன்று எந்தக் குட்டையில் வலை போட்டாலும் அதுதான் வருகிறது, அதனால் ஆதியிலிருந்தே இருந்த மாதிரித் தோன்றுகிறது. தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். பெருகாமல் என்ன செய்யும்? பழைய காலத்துக் கதை என்றால் கெண்டை, குரவை, ஆரால், அயிரை என்று போய்விடுவது பத்திரம்.

பனையேறிக் கெண்டையும் இருக்கிறது. தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் லெப்டினன்ட் டால்டார்ஃப், பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த இந்த மீனைப் பிடித்ததாக எழுதிய குறிப்பு 1797-ல் லண்டனில் அச்சானது. மரம் ஏறும் என்பதைப் பின்னால் வந்தவர்கள் சந்தேகித்தார்கள். ஆனால் காற்றைச் சுவாசிப்பதும், செவுள் மூடியில் உள்ள முள்ளை ஊன்றி ஈரத் தரையில் நகர்வதும் உண்மை. இந்த மீனை வைத்து எழுதும்போது மரத்தில் ஏற்றுவதா வேண்டாமா என்று யோசிப்பேன். கிழவர் ஒருவர் சொல்வதாக ஏற்றிவிடுவேன். பிள்ளைகள் நம்பாமல் போய்க் காவல் இருப்பார்கள்.

எழுதும்போது எனக்குப் பயம் தருவது தண்ணீர்தான். உலக அளவில் 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் சாவுக்கு முதன்மையான காரணங்களில் நீரில் மூழ்குவதும் ஒன்று. நம் ஆறுகளில் மணல் அள்ளிய பள்ளங்கள் வெளியே தெரியாது. முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியில் ஆளை விழுங்கும். என் கதையைப் படித்துவிட்டு ஒரு பிள்ளை போய் இறங்கினால்? ஆனாலும் "தண்ணீர் ஆபத்து" என்று நடுவில் ஒரு மாமாவைப் பேசவிட்டால் அந்த வரியைத் தாண்டித்தான் வாசிப்பார்கள். ஆகவே வீரனாக வருகிற பிள்ளைதான் இறங்குமுன் கழியை ஊன்றி ஆழம் பார்க்கும், புது மடுவில் தனியாக இறங்காது, மணல் எடுத்த ஆற்றுப் பக்கம் போகாது. அதைத் திறமையாக எழுதுகிறேன், எச்சரிக்கையாக எழுதுவதில்லை. பயந்தவன் ஆழம் பார்க்கிறான் என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கதையால் ஆகிற காரியம் அவ்வளவுதான். மிச்சம் பெற்றோர் கையில். இப்படியான புத்தகங்களைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க நினைப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: முதலில் நீச்சல் கற்றுக்கொடுங்கள், புத்தகத்தை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.