அரநாயக்க நிருபர்

2020 மார்ச்சில் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, நாங்கள் வீட்டிலிருந்தே பத்திரிகை வேலை பார்க்க நேர்ந்த நாள்களில், இணையவழியாக எங்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. தொலைவில் இருந்து பணியாற்றுவோரின் ஊக்கமும் கற்பனைத்திறனும் குன்றாமல் காப்பது எப்படி என்பது தலைப்பு. இது காலம் நமக்குத் தந்துள்ள புதிய சவால் என்றார் பயிற்றுநர். எனக்குச் சிரிப்பு வந்தது. சற்று நேரத்தில் வெட்கமும் வந்தது.

சிரிப்புக்குக் காரணம் உண்டு. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் கொழும்பில் பிறந்தவை. ஆனால், கொழும்பில் அச்சாகும் எந்தத் தமிழ் நாளிதழையும் நிரப்பித் தருபவர்கள் ஆசிரியபீடத்தைக் கண்ணால் காணாத பிரதேச நிருபர்களே. தொலைவில் இருக்கும் குழு நமக்குப் புதிதன்று.

வெட்கத்துக்குக் காரணம், அரநாயக்கப் பக்கத்து மாஸ்டர் ஒருவர்.

கேகாலை மாவட்டத்தில், மாவனெல்லையிலிருந்து மலையேறிச் செல்லும் பாதையில் இருக்கிறது அரநாயக்க. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் தோட்டங்களில் நம்மவர்கள் சிறு தொகையினராக வாழும் பகுதி அது. தோட்டப் பாடசாலை ஆசிரியரான அவர், தொண்ணூறுகளின் இறுதியில் நான் பிரதேசச் செய்திகளைப் பார்த்துவந்த நாளிதழுக்கு நிருபரானார். கையால் எழுதி, மாவனெல்லைக்கு பஸ் ஏறி, தொலைநகலில் அனுப்புவார். அங்குலக் கணக்கில் நாங்கள் கொடுத்த சன்மானம் அந்தச் செலவுக்கே போதாது.

முதல் ஆண்டில் அவர் அனுப்பியவை அருமையானவை. விடியுமுன் இறப்பர் மரங்களுக்கிடையே விளக்குடன் பால் வெட்டப் போகும் பெண்ணைப் பற்றி எழுதினார். தமிழ்ப் பாடசாலையைத் தேடிப் பல மைல் நடக்கும் பிள்ளைகளைப் பற்றி எழுதினார். நானோ அவற்றை நான்கு வரிச் செய்திகளாக வெட்டினேன். இடமில்லை என்பது என் நியாயம். அதை அவருக்கு ஒரு வரி எழுதியேனும் சொன்னதில்லை. நாளடைவில் அவர் எழுத்து மாறியது. கூட்டம் நடைபெற்றது, பிரதம அதிதியாகக் கலந்து சிறப்பித்தார், பரிசில்கள் வழங்கப்பட்டன. மனிதர் தொழில் பழகிவிட்டார் என்று நானும் மகிழ்ந்தேன்.

2016 மே 17ஆம் திகதி மாலை, அடைமழையில் அரநாயக்க சாமசர மலை சரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அன்றிரவு அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். விவரங்களை நிதானமாகச் சொன்னவர், இறுதியில், "சேர், புளத்கொஹுபிட்டியவில களுபான தோட்டத்து லயத்திலயும் மண் விழுந்திருக்கு. அது நம்ம சனம். அதையும் விடாம விசாரிங்க" என்றார். எங்கள் கவனத்தில் அதுவரை அது இல்லை.

நன்றி சொல்லி வைக்கப் போனேன். "இத்தனை வருஷத்தில இன்னைக்குத்தான் சேர் நீங்களா எனக்கு கோல் எடுத்திருக்கீங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. முன்பு போல் ஏன் எழுதுவதில்லை என்று கேட்டேன். "எழுதாம விடல்ல சேர். அனுப்பாமத்தான் விட்டுட்டேன்."

அந்த ஒரு வாக்கியம் இன்றுவரை என்னை உறுத்துகிறது. அவருடைய ஊக்கம் குன்றவில்லை. அது எங்கள் மேசைக்கு வருவதை மட்டுமே நிறுத்திக்கொண்டது.

முன்னுதாரணம் எங்கள் தொழிலிலேயே இருந்தது. வீரகேசரியில் எஸ்.எம். கார்மேகம் 'தோட்ட மஞ்சரி' என்ற பகுதியை நடத்தி மலையக இளைஞர்களை எழுதவைத்தார். மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் வீரகேசரியுடன் சேர்ந்து 1960களில் நடத்திய சிறுகதைப் போட்டிகளில் தெளிவத்தை ஜோசப் போன்றோர் பரிசு பெற்றனர். அக்கதைகள் 1971இல் 'கதைக் கனிகள்' என்று நூலாயின. தோட்டங்களில் இருந்தவர்களுக்கு அன்று கிடைத்தவை பெரிய பணமல்ல. எழுதியதற்கு ஓர் இடம், எழுதியவருக்குப் பெயர், கொழும்பில் ஒருவர் கருத்தாக வாசிக்கிறார் என்ற நிச்சயம்.

அதன்பின் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டேன். வாரம் ஒரு நிருபரையாவது, செய்தி கேட்பதற்காக அல்லாமல், அவர் அனுப்பியதைப் பற்றிப் பேசுவதற்காக அழைப்பது. அந்தப் பெண்ணுக்குப் பிறகு என்ன ஆயிற்று, அந்தப் பாதையைப் போட்டார்களா என்று ஒரு கேள்வியேனும் கேட்பது. வெட்ட நேர்ந்தால் காரணத்தைச் சொல்வது. அந்தக் கேள்விக்குப் பதிலாகவே மறுவாரம் நல்ல கட்டுரை வந்து சேர்வதைப் பலமுறை கண்டேன். அன்றைய இணைய வகுப்பில் காட்டப்பட்ட அட்டவணைகளில் இது இருக்கவில்லை.

மாஸ்டரின் பழைய கொப்பிகளைக் கேட்டு வாங்கினேன். சிலவற்றை அவர் பெயருடன் வெட்டாமல் வெளியிட்டோம். ஏனையவற்றை வெளியிட முடியவில்லை. அவற்றில் வருபவர்கள் கேட்டிருந்த பாலமும் பாடசாலைக் கட்டடமும் அவர்கள் காலத்துக்குப் பிறகு வந்துவிட்டிருந்தன; கேட்டவர்கள்தாம் இல்லை.