ப்ரோக்கோலியும் நம் வீட்டுக் காய்தான்

பணி ஓய்வுக்குப் பிறகு எங்கள் வீட்டில் மதியச் சமையல் என் பொறுப்பு. ப்ரோக்கோலியை மகள்தான் அறிமுகப்படுத்தினாள். வெளிநாட்டுக் காய் என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஆனால் இது முட்டைக்கோஸ், காலிஃபிளவரின் உடன்பிறப்பு. நம் தாளிப்புக்கு நன்றாகவே இணங்கும். இப்போது ஊட்டியிலும் விளைகிறது.

பூக்களைப் பிரித்து, உப்பும் மஞ்சள்தூளும் கலந்த வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் போட்டு அலசுங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல் தாளித்து, காயைப் போட்டு, உப்புச் சேர்த்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து 5 நிமிடம் மூடிவைத்தால் போதும். பச்சை நிறம் மங்குமுன் தேங்காய்த்துருவல் தூவி இறக்கிவிட வேண்டும். அதிகம் வெந்தால் ஒரு வாடை வரும். நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் வைட்டமின் சி-யும் அதோடு போய்விடும்.

தண்டை எறியாதீர்கள். தோல் சீவி, பொடியாக நறுக்கி, பாசிப்பருப்புக் கூட்டில் போட்டால் நூல்கோல் மாதிரியே இருக்கும். மீந்த பூவைத் துருவி அடை மாவில் கலக்கலாம்.

இதய வால்வு மாற்றியதிலிருந்து என் மனைவிக்கு வார்ஃபரின் மாத்திரை. ப்ரோக்கோலியில் வைட்டமின் கே அதிகம். அது இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். அதற்காகக் காயை அடியோடு விடச் சொல்லவில்லை டாக்டர். அளவு மாறக்கூடாது என்றார். ஒரு வாரம் நிறைய, மறுவாரம் ஒன்றுமில்லை என்பதுதான் ஆபத்து. இதே மாத்திரை சாப்பிடுபவர்கள் உங்கள் டாக்டரிடம் கேட்டு அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்களேன்" என்று தட்டை நீட்டுவாள். எங்கள் கணக்கு அரைக் கிண்ணம். அதில் மட்டும் நான் கறார்.