பித்தம், அல்சர், புண்

கோந்த்வாவில் என் தெருமுனை மருந்துக்கடையில் வயிறு எரிகிறது என்றால், கடைக்காரர் "பித்த ஜால" என்று ஒரே வார்த்தையில் நோயை முடித்து மாத்திரை அட்டையை நீட்டுவார். மராத்தியரின் பித்தம் நெஞ்செரிச்சல். நம் பித்தம் தலைசுற்றல், குமட்டல், இளநரை. மொழியியல் படித்தவன் ஆதலால் இப்பொருள் வேறுபாட்டைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன், வயிற்றைக் கவனிக்கவில்லை.

மலம் தார்போல் கறுத்த பிறகே மருத்துவமனைக்குச் சென்றேன். எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் புண் தெரிந்தது. மருத்துவர் காரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "வலி மாத்திரை எவ்வளவு நாளாக?" என்றுதான் கேட்டார். ஆய்வேடு எழுதிய நான்கு மாதங்கள், முதுகுவலிக்காக, பெரும்பாலும் வெறும் வயிற்றில் டைக்ளோஃபினாக் விழுங்கியிருந்தேன்.

இரைப்பை தன் அமிலத்தால் தானே அரிக்கப்படாமல் இருப்பதற்குச் சளிப்படலமும் பைகார்பனேட்டும் காவல். அக்காவலைப் பேணுவது புரோஸ்டாகிளாண்டின். வலி மாத்திரை வலியைத் தணிக்கும் அதே வழியில் இதன் உற்பத்தியையும் குறைத்துவிடுகிறது. என் திசுவில் இரண்டாம் காரணமும் கிடைத்தது: ஹெலிகோபாக்டர் பைலோரி. யூரியாவை அம்மோனியாவாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு வாழும் பாக்டீரியா அது. உலகில் பலகோடிப் பேர் வயிற்றில் அது இருக்கிறது. அவர்களுள் சிலருக்கே புண் வருகிறது.

மன உளைச்சலும் காரமுமே காரணம் என்று மருத்துவ உலகமும் நெடுங்காலம் நம்பியது. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், ஈஸ்டர் விடுமுறையில் வழக்கத்தைவிட அதிக நாள் விடப்பட்ட வளர்ப்புத் தட்டில்தான் இந்தக் கிருமி முதன்முதலாக வளர்ந்தது. நம்புவோர் குறைவாக இருந்ததால் 1984இல் பாரி மார்ஷல் அதைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு வாரம் எதிர்நுண்ணுயிரி மருந்துகள், அமிலம் குறைக்கும் மாத்திரை. கிருமி போனது, புண் ஆறியது.

நோயின் பெயர் ஒவ்வொன்றும் ஒரு காரணத்தைத் தனக்குள் வைத்திருக்கிறது. நம் வீடுகளில் 'அல்சர்' என்றால் நேரத்துக்குச் சாப்பிடாதவர் பெறும் தண்டனை. எல்லா எரிச்சலையும் அப்பெயரால் அழைப்பதால், உண்மையான புண் வந்தபோது அது புதிதாகத் தோன்றவில்லை. நான் தாமதித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தொலைபேசியில் அம்மா அழுதார். "சின்ன வயசுலேருந்து காரமா ஆக்கிப் போட்டுட்டேனேப்பா." காரம் எரிச்சலைக் கூட்டலாம், புண்ணை உண்டாக்குவதில்லை என்று விளக்க அரைமணி நேரம் ஆயிற்று. ஆய்வேட்டின் எந்த இயலையும் நான் இத்தனை கவனமாக விளக்கியதில்லை.