தட்டும் அட்டையும்

கடைக்குப் புதிதாக வருகிற பையன்கள் முதலில் கேட்பது, "அண்ணே, இதுல எந்த ரெக்கார்டிங் பெஸ்ட்?" என்பதுதான். நான் பதில் சொல்வதில்லை. கையில் ஒரு துணியைக் கொடுத்து, மூலையில் இருக்கிற இருபது தட்டைத் துடைத்து வைக்கச் சொல்வேன். பாதிப் பேர் மறுநாள் வருவதில்லை. வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் 1978-ல் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய ரெக்கார்டுக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதலாளியை ஊரே பாய் என்று கூப்பிடும். கிராமபோன் ரிப்பேர்தான் அவர் தொழில், தட்டு வியாபாரம் அதோடு ஒட்டிக்கொண்டது. சங்கீதம் படித்தவரில்லை. ஆனால் தட்டைக் கையில் வாங்கி, விளிம்பையும் லேபிளையும் மட்டும் தொட்டுப் பிடித்து, வாசல் வெளிச்சத்தில் லேசாகச் சாய்ப்பார். கறுப்பில் சாம்பல் பூத்திருந்தால், "ஊசி தின்ன தட்டு, வேணாம்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். போட்டுப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும், மழை பெய்கிற மாதிரி இரைச்சல்.

சேர்ந்த மூன்றாவது மாதம் நான் ஒரு தட்டைக் கொன்றேன். எல்.பி.யில் படிந்த விரல்ரேகையை பாய் ஸ்பிரிட் கலந்த தண்ணீரில் துடைப்பதைப் பார்த்திருந்தேன். அதே கைவேலையை ஒரு நாதஸ்வரத் தட்டில் காட்டினேன். அது 78. துணியில் கறுப்பு இறங்க இறங்க, அழுக்குதான் போகிறது என்று இன்னும் அழுத்தினேன். பாய் டீ குடித்துவிட்டு வந்தபோது, தட்டு பள்ளிக்கூடத்து ஸ்லேட்டுப் பலகை மாதிரி மங்கிக் கிடந்தது. அவர் திட்டவில்லை. எதிர்க்கடையில் மர பீரோவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவரைக் காட்டி, "தம்பி, அவரு கையில இருக்கற அரக்கு எதுல கரையுதுன்னு கேட்டுட்டு வா" என்றார். போய்க் கேட்டேன். ஸ்பிரிட்டில்தான்.

78 என்பது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டு. எல்.பி. வினைல். இரண்டும் கறுப்பாக, வட்டமாக இருக்கின்றன என்பதைத் தவிர ஒட்டுமில்லை உறவுமில்லை. 78-க்குத் தண்ணீரும் இரண்டு சொட்டு சோப்பும் போதும். லேபிளில் ஈரம் படக்கூடாது. தடம் போகிற போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே ஒரு இழுப்புக்கூட ஆகாது. ஊசியும் வேறு வேறு. எல்.பி. ஊசி 78-ன் அகலத் தடத்தில் அடியில் போய் உரசி, அங்கே தங்கியிருக்கும் தூசியைத்தான் பாடவைக்கும். 78 ஊசியை எல்.பி.யில் வைத்தால் அந்த எல்.பி.யை மறந்துவிட வேண்டியதுதான்.

அடுத்த பாடம் பாடகர் ஜி.என்.பி.யின் 'வாசுதேவயனி' தட்டில் கிடைத்தது. கடையில் இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்றை சாவி கொடுக்கிற பெட்டியில் கேட்டேன், குரலில் கனம், பாட்டில் நிதானம். மற்றதை மின்சார மெஷினில் கேட்டேன், அதில் ஒரே துள்ளல். இரண்டும் வேறு வேறு சமயத்தில் பாடியவை, முதலாவது வயதான பிறகு பாடியது என்று ஒரு வாடிக்கையாளரிடம் அடித்துப் பேசி, இரண்டையுமே விற்றுவிடும் நிலைமைக்கு வந்துவிட்டேன். பாய் குறுக்கே வந்து, தடம் முடிந்து லேபிள் தொடங்கும் இடத்திலுள்ள மழுமழு வளையத்தைக் காட்டினார். அங்கே பொறித்திருந்த எண் இரண்டிலும் ஒன்றே. ஒரே பாட்டு, ஒரே நாள், ஒரே மூச்சு. பெட்டியின் ஸ்பிரிங் தளர்ந்து வேகம் 74 சுற்றுக்கு இறங்கியிருந்தது. நாலு சுற்றுக் குறைந்தால் சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை இறங்கும். நான் ஒப்பிட்டது இரண்டு மோட்டார்களை.

அன்றைக்கு பாய் ஒரு காகித வட்டம் கொடுத்தார். அதில் 77 கோடுகள். நம் ஊர் கரண்டு 50 சைக்கிள் என்பதால் பழைய டியூப் லைட் வினாடிக்கு நூறு தடவை மினுக்கும். காகித வட்டத்தைத் தட்டின்மேல் வைத்து, அந்த வெளிச்சத்தில் தட்டு சரியாக ஓடினால் கோடுகள் அசையாமல் நிற்கும், வேகம் குறைந்தால் பின்னோக்கி நகரும். எல்.பி. ஓடும் 33⅓ சுற்றுக்கு 180 கோடு போட்ட வட்டம் வேண்டும். அந்தக் காகிதத்தை இன்றும் வைத்திருக்கிறேன். 33⅓ தட்டைத் தவறிப்போய் 45-ல் விட்டால் ஸட்ஜமம் ஏறக்குறைய மத்யமத்துக்குப் போய்விடும். அதைக் குழந்தைகூடக் கண்டுபிடித்துச் சிரிக்கும். அரைக்கட்டைதான் ஆளை ஏமாற்றும்.

மேல்நாட்டுச் சங்கீதத் தட்டுகளை நான் வெகுநாள் வெறும் சரக்காகத்தான் விற்றேன். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்து, அல்லிக்குளத்துக்கு மாறிய பிறகுதான் கொஞ்சம் காது திறந்தது. வேப்பேரியிலிருந்து பியானோ கற்றுக்கொடுக்கும் ஒரு டீச்சரம்மா வருவார். பாக்கின் 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' பியானோவில் கிளென் கூல்ட் வாசித்தது அப்போது என்னிடம் இரண்டும் இருந்தன, 1955-ல் பதிவானதும் 1981-ல் பதிவானதும். ஒரே ஆள், ஒரே உருப்படி, நியூயார்க்கில் தேவாலயமாக இருந்த அதே ஸ்டூடியோ. இடையில் 26 வருஷம். முந்தையது 38 நிமிடம், பிந்தையது 51 நிமிடம். "வயசானதும் கை மெதுவாயிடுச்சு டீச்சரம்மா" என்றேன்.

அவர் என்னைத் தட்டின் முன்னால் உட்காரவைத்தார். தொடக்கத்தில் வரும் 'ஆரியா' என்ற பகுதி நான் சொன்ன மாதிரியேதான், முதலில் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது, பிறகு மூன்று நிமிடத்தைத் தாண்டுகிறது. ஆனால் ஒவ்வொரு பகுதியையும் இருமுறை வாசிக்கும்படி பாக் எழுதியிருக்கிறார். 1955-ல் கூல்ட் எதையுமே திரும்ப வாசிக்கவில்லை. 1981-ல் பல வேரியேஷன்களின் முதல் பாதியைத் திரும்ப வாசிக்கிறார். நீளம் கூடியதில் அதற்கும் பங்கு உண்டு. சங்கதி கூடியதா, காலப்பிரமாணம் தாழ்ந்ததா என்று பார்க்காமல், கச்சேரி லேட்டாக முடிந்ததை வைத்து வித்வானை எடைபோட்ட கதை என்னுடையது. அன்றிலிருந்து இரண்டு பதிவுகளை ஒப்பிடும்போது முழுத் தட்டையும் ஓட்டுவதில்லை. ஒரே இடத்தை எடுத்துக்கொண்டு, இதில் ஒரு தடவை அதில் ஒரு தடவை என்று ஆறேழு முறை கேட்பேன். சத்தம் இரண்டிலும் சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் உரக்க ஓடுவதைத்தான் காது நல்லது என்று சொல்லும்.

போகும்போது டீச்சரம்மா 1955 தட்டின் அட்டையைத் திருப்பிக் காட்டி, "இதுல எத்தனை படம் இருக்கு, எண்ணுங்க" என்றார். கட்டம் கட்டமாகக் கூல்டின் சின்னச் சின்னப் போட்டோக்கள். எண்ணினேன், முப்பது. வேரியேஷனும் முப்பது. எத்தனையோ தடவை தூசி தட்டிய அட்டை அது, ஒருநாளும் எண்ணத் தோன்றவில்லை.

78 காலத்தில் பெரும்பாலும் பழுப்புக் காகித உறைதான், லேபிள் தெரிய நடுவில் வட்ட ஓட்டை. அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனிக்காக 1940 வாக்கில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் படம் வரைந்து அட்டை போட ஆரம்பித்தார், மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். நம் கர்நாடக சங்கீத எல்.பி. அட்டைகளைப் பார்த்து, வித்வான் படத்தைத் தவிர என்ன இருக்கிறது என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் படத்தில் உட்கார்ந்திருக்கும் தோரணை, தம்பூராவின் சாய்மானம், புடவைக் கரை எல்லாமே ஒரு காலத்தின் சாட்சி. பின்னட்டை இன்னும் முக்கியம். 78 லேபிள்கள் பலவற்றில் விட்டுப்போன பக்கவாத்தியக்காரர் பெயர் அங்கேதான் கிடைக்கும். மிருதங்கம் யாரென்று தெரியாமல் இரண்டு பதிவை என்ன ஒப்பிடுவது?

அட்டைக்கு எதிரி மூன்று பேர்: ஈரம், ராமபாணப் பூச்சி, செலோடேப். கிழிந்த ஓரத்தில் டேப் ஒட்டினால் நாலைந்து வருஷத்தில் பிசின் மஞ்சளாக ஊறிப் படத்தையே தின்றுவிடும். பாய் மைதாப் பசை காய்ச்சி, பூச்சி வராமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார். பைண்டிங் கடைக்காரர்கள் செய்வதுதான். நான் முதலில் பசையைக் கெட்டியாகப் பூசினேன், அட்டை காய்ந்ததும் அப்பளமாகச் சுருண்டது. மோர் மாதிரி நீர்க்க இருக்க வேண்டும். விரல்நுனியால் உள்பக்கம் தடவி, கிழிசலின் நார் நாருக்கு நேராக வரும்படி சேர்த்து, மேலே வெள்ளைத்தாள் வைத்து, ராத்திரி முழுக்கக் கனம் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு நடுவில் தூக்கிப் பார்க்கக் கூடாது. பாய் கைபட்ட அட்டைகள் சில இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஒட்டு எங்கே என்று எனக்கே தேட வேண்டியிருக்கிறது.

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்தால் தட்டின் வட்டம் அட்டைப் படத்தில் வளையமாகத் தேய்ந்துவிடும். வீட்டில் பெரியவர்கள் விட்டுப்போனதை எடைக்குப் போடுவதாக இருந்தால், தட்டையும் அட்டையையும் பிரிக்காமல் ஒருமுறை கடைக்குக் கொண்டுவாருங்கள். வாங்காவிட்டாலும் துடைத்துத் தருகிறேன்.