ஏழூர் வலமும் இரண்டு சக்கரமும்

காவிரியின் இரு கரைகளிலும் திருவையாற்றைச் சூழ்ந்து விளங்கும் ஏழு சிவத்தலங்களைச் சப்தஸ்தானம் என்றும் ஏழூர் என்றும் பெரியோர் வழங்குவர். திருமழபாடியில் நந்திதேவருக்கும் சுயசாம்பிகைக்கும் திருமணம் நிகழ்ந்தபோது, ஐயாறப்பரே மாப்பிள்ளை வீட்டாராக நின்று அதனை நடத்திவைத்தார் என்பது தலவரலாறு. அத்திருமணத்திற்குத் திருப்பழனத்திலிருந்து பழங்களும், திருச்சோற்றுத்துறையிலிருந்து அன்னமும், திருவேதிகுடியிலிருந்து வேதியரும், திருக்கண்டியூரிலிருந்து ஆபரணங்களும், திருப்பூந்துருத்தியிலிருந்து மலர்களும், திருநெய்த்தானத்திலிருந்து வேள்விக்குரிய நெய்யும் வந்தனவாம். உதவி செய்த ஊர்களுக்கு நன்றி கூறுவதற்காகவே ஆண்டுதோறும் சித்திரையில் ஐயாறப்பர் புதுமணத் தம்பதியரை அழைத்துக்கொண்டு பல்லக்கில் ஆறு ஊர்களுக்கும் எழுந்தருளுகிறார்.

எனக்கு ஒன்பது வயது ஆனபோது, என் தந்தையாரின் கையைப் பற்றிக்கொண்டு முதன்முதலாக அப்பல்லக்கின் பின்னே நடந்தேன். காவிரி மணலில் பல்லக்கு இறங்கியதும், ஒவ்வோர் ஊரிலும் அவ்வூர்ச் சுவாமி எதிர்கொண்டழைத்ததும், மறுநாள் திருவையாறு திரும்பியபின் பொம்மை பூச்சொரிந்ததும் நேற்று நடந்தவை போல் இருக்கின்றன. பொம்மையின் கையிலிருந்து பூ விழும் காட்சியைத் தந்தையாரின் தோள்மீது அமர்ந்து கண்டேன். அதன்பின் பல ஆண்டுகள் அந்த நடை எனக்கு வாய்த்தது.

பணி ஓய்வுக்குப் பிறகு முழங்கால் மூட்டுகள் தேயத் தொடங்கின. முதல் ஆண்டு பாதி வழியில் திரும்பினேன். அடுத்த ஆண்டு வாசலிலேயே நின்று பல்லக்கை வணங்கினேன். மூன்றாம் ஆண்டு வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டு ஏழு ஆலயங்களுக்கும் சென்றுவந்தேன். குளிரூட்டிய வண்டி, மூடிய கண்ணாடி, நான்கு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஏழு சந்நிதிகளிலும் தரிசனம் கிடைத்தது. ஆயினும் எந்த ஆற்றை எப்போது கடந்தேன் என்பதே நினைவில் இல்லை. அன்று இரவு உறக்கம் வரவில்லை.

என் வருத்தத்தைக் கேட்ட எலும்பு மருத்துவர், “நடந்தால் உடம்பின் பாரம் முழுவதும் மூட்டின்மேல் இறங்கும். சைக்கிளில் அந்தப் பாரத்தை இருக்கை தாங்கிக்கொள்ளும். மெதுவாக மிதித்துப் பாருங்களேன்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பது ஆண்டுகள் திருவையாற்றிலிருந்து தஞ்சைப் பள்ளிக்கு நாளொன்றுக்கு 26 கிலோமீட்டர் மிதிவண்டியில் போய்வந்தவன் நான். டைனமோ விளக்கும் பின்னால் கேரியரும் கொண்ட அந்தக் கறுப்பு வண்டியை, மொபெட் வாங்கிய அன்று பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டேன். அந்தப் பாவம் இப்போது நினைவுக்கு வந்தது.

செய்தி கோயம்புத்தூரில் இருக்கும் மகனுக்கு எட்டியது. அடுத்த மாதமே ஒரு புதிய வண்டியோடு வந்து இறங்கினான். பந்தயக்காரர்கள் ஓட்டும் வகையைச் சேர்ந்த சாலை மிதிவண்டி அது. ஆட்டுக்கடாவின் கொம்புபோல் வளைந்த கைப்பிடி, இரண்டு விரல் அகலம்கூட இல்லாத டயர், பல்வேறு பற்சக்கரங்கள். ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, மணிகூட இல்லை. பழைய வண்டியைத் திண்ணையில் ஏற்ற இருவர் வேண்டும். இதனை நான் ஒரு கையால் தூக்கினேன்.

என் மனைவி வாசற்படியில் நின்றபடியே கேட்டாள்: “ஏங்க, இந்த வயசுல விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சா யாரு பாக்கறது?” அதற்கு என்னிடம் விடை இல்லை. எங்கள் தெருவிலேயே அப்படி விழுந்து படுக்கையோடு போனவர் உண்டு. கோயில் வாசலில் சந்தித்த பெரியவர் ஒருவரோ வேறொரு கேள்வி கேட்டார்: “நடந்து செய்ய வேண்டிய யாத்திரையைச் சக்கரத்தில் செய்தால் பலன் உண்டோ?” முன்னதைவிட இக்கேள்வியே என்னை அதிகம் வருத்தியது.

ஒரு மாதம் விடியற்காலையில் ஆளில்லாத தெருவில் பழகினேன். மிதிகட்டை கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்படி இருக்கையை உயர்த்தினோம். முதுகு அதிகம் வளையாதிருக்கக் கைப்பிடியையும் உயர்த்தினோம். கொம்பின் கீழ்ப்பகுதியை நான் தொடுவதே இல்லை. மேற்பகுதியே எனக்குப் போதும். மணி ஒன்று வாங்கிப் பொருத்தினேன். தலைக்கவசம் அணிந்தபின்தான் மனைவியின் முகம் சிறிது தெளிந்தது.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் புறப்பட்டேன். வேட்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கால்சட்டையோடு சென்று, ஒவ்வொரு கோயில் வாசலிலும் வேட்டி மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. தெற்கு வாசலில் ஆட்கொண்டாரை வணங்கிக் குங்கிலியம் இட்டு, ஐயாறப்பரையும் அறம்வளர்த்த நாயகியையும் தரிசித்துவிட்டு, ஆறரை மணிக்கு வண்டியேறினேன்.

திருப்பழனம் கிழக்கே நான்கு கிலோமீட்டர். ஆடிக்காற்றின் மிச்சம் முதுகில் கைவைத்துத் தள்ளியது. சங்கிலியின் மெல்லிய ஒலியைத் தவிர வேறு ஓசை இல்லை. ஈரமண் வாசனையும், வாழைத்தோப்பின் குளிர்ச்சியும், எங்கோ ஒரு வீட்டில் சாணம் தெளிக்கும் ஓசையும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கார்க் கண்ணாடி எனக்கு மறைத்தவை இவைதாம்! பதினைந்து வயதுப் பையனைப்போல் மணியை அடித்தேன். எதிரே ஒருவரும் இல்லை. ஆபத்சகாயேசுவரர் சந்நிதியில் நின்றபோது மூச்சு சிறிது வாங்கிற்று. முழங்காலில் வலி இல்லை.

பல்லக்கு இங்கிருந்து ஆற்றில் இறங்கித் தென்கரை ஏறும். மெல்லிய டயருக்கு மணலும் ஆகாது, நீரும் ஆகாது. ஆகவே திருவையாறு திரும்பிப் பாலத்தின் வழியே சென்றேன். மேட்டூரிலிருந்து வந்த புதுநீர் காவிரியில் கரைதொட்டு ஓடியது. இறங்கி நின்று கைகூப்பினேன். அடுத்துக் குடமுருட்டி. தஞ்சைவரை சென்றால் வெட்டாறு, வெண்ணாறு, வடவாறும் குறுக்கிடும். ஐந்து ஆறுகளால் ஐயாறு என்ற பெயர் வந்ததைப் பள்ளியில் பல முறை சொல்லிக்கொடுத்தவன் நான். பாலத்தின் ஏற்றத்தில் சிறிய பற்சக்கரத்திற்கு மாற்றி மிதித்தபோதுதான் அந்தப் பாடம் என் கால்களுக்குப் புரிந்தது.

கண்டியூரைத் திரும்பும்போது தரிசிப்பதாக எண்ணி, திருச்சோற்றுத்துறைக்குச் சென்றேன். ஓதனவனேசுவரரும் அன்னபூரணியும் அருளும் ஊர். அர்ச்சகர் வண்டியைப் பிராகாரச் சுவரோரம் சாய்த்துவைக்க இடம் காட்டி, ஒரு தொன்னையில் வெண்பொங்கல் தந்தார். சோற்றுத்துறையில் பசியோடு வந்தவனுக்குச் சோறு கிடைத்தது என்று மகிழ்ந்தேன்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வேதிகுடிக்குப் போகும் வழியில் கருவேலமுள் ஒன்று பின்சக்கரத்தில் ஏறியது. வயல்களுக்கு நடுவே வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். வலியும் நினைவுக்கு வந்தது. மனைவியின் சொல்லும் நினைவுக்கு வந்தது. நல்லவேளையாக ஒரு கீற்றுக்கொட்டகையில் பஞ்சர் ஒட்டும் பெரியவர் இருந்தார். ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டு, தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டிவிட்டார். காற்றடிக்கும்போதுதான் தடை; வால்வு மிக மெல்லியது, அவருடைய பம்பின் வாய் அதில் பொருந்தவில்லை. மகன் பையில் போட்டுவைத்த சிறு பித்தளைத் திருகை எடுத்து நீட்டினேன். அதனை வால்வில் மாட்டியதும் காற்று ஏறியது. “ஐயா, இவ்வளவு மெல்லிசான சக்கரம் உங்களைத் தாங்குதே!” என்று வியந்தவர், கூலியை வாங்க மறுத்து, “ஏழூர் சுத்துறீங்க. எனக்கும் சேத்துக் கும்பிட்டுக்குங்க” என்றார். வற்புறுத்திக் கையில் வைத்துவிட்டு வந்தேன். வேதபுரீசுவரர் சந்நிதியில் அவருக்காக முதலில் வேண்டிக்கொண்டேன்.

அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்றான கண்டியூரில் பிரமசிரக்கண்டீசரையும், கலைமகளோடு எழுந்தருளியுள்ள நான்முகனையும் வணங்கி, மேற்கே திரும்பினேன். காலையில் முதுகைத் தள்ளிய காற்று இப்போது மார்பில் மோதியது. பூந்துருத்தி வரையுள்ள சிறு தொலைவு பெருந்தொலைவாயிற்று. இறங்கித் தள்ளலாமா என்று இரு முறை எண்ணினேன்.

திருநாவுக்கரசர் திருமடம் அமைத்துத் தங்கிய ஊர் இது. தம்மைக் காண வந்த ஞானசம்பந்தரின் சிவிகையை அடியார் கூட்டத்தோடு கூட்டமாக அப்பர் தோள்கொடுத்துச் சுமந்ததும் இங்கேதான். அப்பர் உழவாரத் தொண்டு செய்த மண்ணை மிதிக்க அஞ்சிச் சம்பந்தர் வெளியே நிற்க, நந்தி விலகி வழிவிட்டதாகச் சொல்வார்கள். இன்றும் நந்தி விலகியே இருக்கிறது. அந்த நந்தியின் பக்கத்தில் வியர்வை வழிய அமர்ந்திருந்தபோது, கோயில் வாசல் பெரியவரின் கேள்வி மீண்டும் எழுந்தது.

அதே அப்பர் பெருமான் கயிலைக்குச் சென்ற கதையை நினைத்தேன். நடந்தார், கால்கள் தேய்ந்தன. தவழ்ந்தார், உடல் தேய்ந்தது. புரண்டும் சென்றார். இறைவன் அவரை மேலும் வருத்தவில்லை. பொய்கையில் மூழ்கச் சொன்னார். அப்பர் திருவையாற்றுத் திருக்குளத்தில் எழுந்தார். அங்கேயே கயிலைக் காட்சி கிடைத்தது. கால்கள் ஓய்ந்த அடியவரை நடந்தே தீரவேண்டும் என்று இறைவன் கேட்டதில்லை. அவரைவிடக் கடுமையான கணக்கை நான் ஏன் எழுதிக்கொள்ள வேண்டும்? அதன்பின் அந்தக் கேள்வி என்னைத் தொடரவில்லை.

மீண்டும் இரு பாலங்களையும் கடந்து தில்லைஸ்தானம் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. முள்ளிடம் இழந்த நேரம் இங்கே தெரிந்தது, நடை சாத்தியிருந்தது. தொலைபேசியில் மனைவியிடம் செய்தி சொன்னேன். வீடு இரண்டு கிலோமீட்டர்தான். போய் உண்டு வரலாம். ஆனால் சுற்று முடியாமல் வீடு திரும்ப மனம் வரவில்லை. அரை மணியில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. தயிர்சாதப் பாத்திரத்தோடு இறங்கினாள். முதலில் என் முழங்காலைப் பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். “ஆறு கோயிலுக்குத் தனியாப் போயிட்டீங்க. ஏழாவதுக்காவது என்னையும் சேத்துக்குங்க” என்றாள்.

மாலை நான்கு மணிக்கு நடை திறந்தது. நெய்யால் அபிஷேகம் கண்டருளும் நெய்யாடியப்பருக்கு இருவரும் சேர்ந்து நெய்விளக்கு ஏற்றினோம். அவள் ஆட்டோவில் முன்னே செல்ல, நான் மணியடித்துக்கொண்டே பின்னே சென்றேன். அன்று மிதித்தது ஏறத்தாழ 35 கிலோமீட்டர்.

அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. மூட்டுவலியோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்க வேண்டா. ஏழூரையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பதும் இல்லை. வடகரையை ஒருநாள், தென்கரையை ஒருநாள் என்று பிரித்துக்கொள்ளலாம். சிறிய தலங்களில் நண்பகலில் நடை சாத்துவார்கள் என்பதை நினைவில் கொள்க. வரும் சித்திரையில் பல்லக்கின் பின்னே நடக்க என்னால் இயலாது. ஆனால் பல்லக்கு வருமுன் ஒவ்வோர் ஊர் எல்லையிலும், மிதிவண்டியைச் சாய்த்துவைத்துவிட்டுக் கைகூப்பி நிற்பேன். ஐயாறப்பர் அதற்கு அருள்புரிவாராக.