பினாங்கில் ஒரு நண்பகல்

2018ஆம் ஆண்டு விடுமுறையில் குடும்பத்தாருடன் பினாங்கு சென்றிருந்தோம். காணத்தக்கவை பலவெனினும் எங்கள் தாயாருக்கு நாட்டம் ஒன்றே: தம் தந்தையார் நெடுங்காலம் வாழ்ந்த சூலியா தெருவைக் காண வேண்டும். அன்னார் அங்கே பெருவணிகர் என்பதே எங்கள் வீட்டு வழக்கு.

1801இல் காதர் முகைதீன் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் லுஹர் தொழுதோம். அதே வீதியில் சீனர் கோயிலும், சற்றப்பால் மாரியம்மன் கோயிலும் கண்டோம்.

பின்னர்ச் சூலியா தெருவில் ‘நாசி கண்டார்’ உண்ண அமர்ந்தோம். சோற்றின்மேல் மீன்கறி, கோழிக்கறி எனக் குழம்புகளை ஒன்றாகக் கலந்து ஊற்றுகின்றனர். (நம்மூரில் இவ்வாறு கலந்தால் சமைத்தவர் முகம் சுளிப்பார்!) பெயர்க்காரணம் வினவினோம். பரிமாறிய முதியவர் தமிழிலேயே விளக்கினார்: ‘நாசி’ என்பது சோறு, ‘கண்டார்’ என்பது காவடித்தண்டு. நம்மவர் சோற்றையும் கறியையும் தண்டின் இருமுனைகளில் தொங்கவிட்டு, தோளில் சுமந்து, துறைமுகத் தொழிலாளருக்கு விற்றனராம்.

தாயாரின் கை தட்டிலேயே நின்றது.

“அத்தாவுக்கு வலத்தோளில் காய்ப்பு இருந்தது. சிறுவயதில் கேட்டேன், பிறவியிலேயே உள்ளது என்றார்கள்.”

நாங்கள் எவரும் பேசவில்லை. சிறிது நேரங்கழித்துத் தாயார் அம்முதியவரிடம் இன்னும் ஓர் அகப்பை சோறு கேட்டார்கள்.